சரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள் அல்லவா, அதில் பாதி நேரம் கொடுத்தால் போதும். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த கணக்குதான்.

இப்போது நம் ஆட்களுக்கு மலைப்பக்கம் இடம் வாங்கும் ஆசை கூடியிருக்கிறது. ஓய்வூதியப் பணம் வந்தவர்கள், துபாய் சிங்கப்பூரில் சம்பாதித்தவர்கள், ஹோம் ஸ்டே நடத்தலாம் என்று கணக்குப் போடும் இளம்பிள்ளைகள் எல்லோரும் கொடைக்கானல், சிறுமலை, ஏற்காடு, கோத்தகிரி என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டோ அனுப்புகிறீர்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. மதுரை வெயிலில் அறுபது வருடம் வெந்தவளுக்கு அந்தக் குளிரின் அருமை தெரியும். வாங்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கீழக்குயில்குடிக்காரர்களுக்கு மலை என்றால் பயம் கிடையாது. நம் சமணர் மலை அப்படிப்பட்டது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமரம். எத்தனை மழை பெய்தாலும் மலை நம் மேல் வந்து விழும் என்று யாரும் தூக்கம் கெட்டதில்லை. காரணம், நம் மலை பெரும்பாலும் வெறும் பாறை. மேலே மண் போர்வை மிகக் குறைவு. மழைநீர் வழிந்து ஓடிவிடும்.

நீலகிரியும் வயநாடும் அப்படி இல்லை. அங்கே பாறை காலங்காலமாக மக்கி, அதன் மேல் பல அடி ஆழத்துக்கு மண் கிடக்கிறது. அந்த மண் மழைநீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க எடை கூடும். அதோடு, மண்துகள்களுக்கு நடுவே புகுந்த நீர் அவற்றை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும். துகளும் துகளும் உரசிப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பு குறையும். காய்ந்த மாவு குவித்த இடத்தில் நிற்கும், தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் ஓடும் இல்லையா? அதுதான். காலையில் நிலமாக இருந்தது ராத்திரியில் ஆறாகிவிடுகிறது.

2009 நவம்பரில் நீலகிரியில் அப்படித்தான் ஆனது. சில நாட்கள் கொட்டிய மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. அதே வருடம் டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

வயநாட்டிலும் திருவண்ணாமலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சரிந்த இடத்தில் குடியிருந்தவர்கள் இல்லை. சரிந்தது வந்து சேர்ந்த இடத்தில் குடியிருந்தவர்கள். வயநாட்டில் சரிவு தொடங்கிய உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது என்று இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படம் பார்த்துச் சொன்னது. அங்கே பிய்ந்த நிலம் சுமார் 86,000 சதுர மீட்டர். அந்தச் சேறு ஓடிய தூரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் முக்கால்வாசி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளார்மலை அரசுப் பள்ளி ஆற்றோரம் இருந்தது. அந்தப் பள்ளிக் கட்டடத்தில் மரங்களும் பாறைகளும் வந்து முட்டி நின்ற படத்தைப் பார்த்துவிட்டு, அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், சரிந்த இடம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. சொந்தக்காரர்களுக்கு யார் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

என் நாத்தனார் மகன் கோத்தகிரிப் பக்கம் ஏழு சென்ட் இடம் பார்த்து, ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். மேலே தேயிலைத் தோட்டம், பக்கத்தில் ஒரு ஓடை, எதிரே பள்ளத்தாக்கு. போட்டோவில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். நான், "ஏன்டா, மேலே அவ்வளவு சரிவா இருக்கே?" என்று கேட்டேன். "அத்தை, இன்ஜினியர் வந்து பார்த்துட்டார். நம்ம இடம் சரியாதுன்னு எழுதியே கொடுத்துட்டார்" என்றான். பதின்மூன்று வருடச் சேமிப்பு அது. மேல்கொண்டு பேசினால் பொறாமை என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு. குடும்பக் குழுவில் ஆளுக்கொரு பக்கம் பேசி, இரண்டு பேர் குழுவைவிட்டே போய்விட்டார்கள்.

அந்த வாரம்தான் என் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து போன் செய்தாள். 1999இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவள் வேலை என்னவென்று கேட்டால், வழக்கமாக "மண்ணு ஆராய்ச்சி டீச்சர்" என்று சொல்லி முடித்துவிடுவாள். அன்று நான் விடவில்லை. இந்த இடத்தைப் பற்றிச் சொல்லி, "இன்ஜினியர் சரியாதுன்னு எழுதிக் கொடுத்தா போதாதா?" என்று கேட்டேன்.

"டீச்சர், அவர் கேட்டுக்கிட்ட கேள்விக்குப் பதில் சரியாத்தான் இருக்கும். இந்த மனை சரியுமான்னு கேட்டிருக்கார். மேலே இருக்கிறது சரிஞ்சா இந்த மனைக்கு வருமான்னு கேட்டாரா?" என்றாள்.

இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளுடைய மொத்த ஆராய்ச்சி. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். நான் படித்தது ஆசிரியர் பட்டயப் பயிற்சி. அதனால் பெரிய சூத்திரம் எதுவும் வராது.

முதல் கேள்விக்குப் பழைய கணக்கு இருக்கிறது. மண்ணைக் கீழே இழுக்கும் விசை ஒரு பக்கம், அதைப் பிடித்து நிறுத்தும் பலம் மறுபக்கம். பிடிக்கும் பலத்தை இழுக்கும் விசையால் வகுத்தால் ஒரு எண் வரும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நிற்கும், கீழே போனால் சரியும். 1.5 இருந்தால் நல்ல பாதுகாப்பு என்பது பொதுவான வழக்கம். இதில் வருவது ஆம் அல்லது இல்லை என்ற பதில். சரிந்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது.

கட்டடம், பாலம், விமான இறக்கை போன்றவற்றை நுணுக்கமாகக் கணக்கிட இன்னொரு முறை வந்தது. பொருளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் மூலைகளில் சேர்த்துத் தீர்ப்பது. ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். அந்தப் பெயரை 1960இல் வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரே கிளஃப். இன்று நீங்கள் ஏறும் கார், பறக்கும் விமானம், கடக்கும் மேம்பாலம் எல்லாம் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் வருகின்றன.

நம் பெண்களுக்கு இது புதுசே இல்லை. புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் கோலம்தான். புள்ளிகள் இருக்கும் இடத்தில் கணக்கு, கோடுகள் எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி பக்கத்து வீடு என்று சொல்லும். பாலத்தின் மேல் லாரி போனால் பாலம் சில மில்லிமீட்டர் வளையும். கோலம் கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். கணக்கு அழகாக வரும்.

ஆனால் மலைச்சரிவு சில மில்லிமீட்டர் நகர்வதில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகிறது. இப்போது அந்தக் கோலத்தை ஒரு பழைய சேலையில் போட்டு, சேலையைக் கசக்கி இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முக்கோணங்கள் ஊசி மாதிரி நீளும், நசுங்கும், கடைசியில் சில முக்கோணங்கள் உள்வெளியாகப் புரண்டுவிடும். பத்தாம் வகுப்பில் முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கடிகார எதிர்த்திசையில் எடுத்துப் பரப்பளவு காண வேண்டும் என்று படித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? திசை மாறினால் பரப்பளவு குறை எண்ணாக வரும். கணினியிலும் அதுதான் நடக்கிறது. முக்கோணம் புரண்டதும் பரப்பளவு குறை எண் ஆகிவிடும், கணக்கு நின்றுவிடும். மலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கணினி கையை விரித்துவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பார்சிலோனாவில் பொறியியல் கணக்கீட்டுக்கான பன்னாட்டு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே செர்ஜியோ இடெல்சோன், யூஜெனியோ ஒன்யாத்தே என்ற இருவரும் அவர்கள் கூட்டாளிகளும் 2004இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பார்ட்டிக்கிள் ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். துகள்முறை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். யோசனை எவ்வளவு எளிமை பாருங்கள்: கோடுதானே சிக்குகிறது? கோட்டை அழித்துவிடு. புள்ளியை மட்டும் வைத்துக்கொள்.

அவ்வளவுதான் பிள்ளைகளே. ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளி மண். அதன் நிறை, வேகம், இதுவரை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்ற கதை எல்லாம் அந்தப் புள்ளியோடு போகும். ஒரு நொடியின் சின்னப் பங்குக்குப் புள்ளிகள் நகரும். நகர்ந்த இடத்தில் பழைய கோடுகளை அழித்துவிட்டு, இப்போது யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களைச் சேர்த்துப் புதுக்கோலம் போட வேண்டும். விசையைக் கணக்கிட வேண்டும். மறுபடி புள்ளிகளை நகர்த்த வேண்டும். ஒரு சரிவு முழுவதும் ஓடி அடங்குவதற்குள் கணினி ஆயிரக்கணக்கான தடவை கோலத்தை அழித்து அழித்துப் போடும்.

"எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது? ஒவ்வொருத்தி ஒவ்வொரு மாதிரி இழுப்பாளே" என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அதுக்கு ஒரு விதி இருக்கு டீச்சர், உங்க போர்டுலயே போடலாம்" என்றாள். மூன்று புள்ளிகளைச் சேர்த்து முக்கோணம் போடு. அந்த மூன்று முனைகள் வழியாகவும் போகிற சுற்றுவட்டத்தை வரை. அந்த வட்டத்துக்குள் நாலாவது புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த முக்கோணம் செல்லாது, வேறு விதமாகச் சேர். 1934இல் டெலோனே என்ற ரஷ்யக் கணிதர் சொன்ன விதி. காம்பஸ் வைத்து நீங்கள் வரைந்த சுற்றுவட்டம்தான். இது எதற்கு உதவும் என்று அன்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இப்போது கிடைத்திருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. சுற்றுவட்டம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், அந்த மூன்று புள்ளிகளும் தூரம் தூரமாக இருக்கின்றன என்று அர்த்தம். அங்கே முக்கோணம் வேண்டாம், நடுவில் இருப்பது காற்று. இந்த ஒரு விதியால்தான் சேறு பிரிவதும், துளி தெறிப்பதும், இரண்டு ஓடைச் சேறு ஒன்றாகக் கலப்பதும் கணக்கில் தானாகவே வந்துவிடுகிறது. மண் எங்கே முடிகிறது, வெறும் இடம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதனால் என்ன லாபம்? எவ்வளவு தூரம் வரும், எவ்வளவு வேகத்தில் வரும், வரும்போது எவ்வளவு உயரம் இருக்கும், சுவரில் முட்டினால் எவ்வளவு விசை என்பதற்கெல்லாம் பதில் கிடைக்கும். அடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு வேண்டியது இந்த நாலும்தான்.

இந்த நாலும் சரியாகத் தெரியாமல் போனதால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் வயோன்ட் என்ற அணை சாட்சி. 260 மீட்டருக்கு மேல் உயரமான அணை. அதன் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருந்த மலைச்சரிவு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது பொறியாளர்களுக்குத் தெரியும். அது சரியும் என்பதும் தெரியும். விழுந்தால் அலை எவ்வளவு எழும் என்று பார்க்கச் சின்ன மாதிரி அணை கட்டிச் சோதனையும் செய்தார்கள். நீர்மட்டத்தை 700 மீட்டரில் வைத்தால் பெரிய ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. 1963 அக்டோபர் 9ஆம் தேதி ராத்திரி, நீர்மட்டம் ஏறத்தாழ அந்த 700 மீட்டரில் இருந்தபோது மலை விழுந்தது. சோதனையில் நினைத்ததைவிட மிக வேகமாக, 26 கோடி கன மீட்டர் அளவுக்கு, ஒரே மொத்தமாக வந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் குதித்துக் கீழே இருந்த லோங்கரோனே என்ற ஊரையும் சுற்றியிருந்த ஊர்களையும் துடைத்துவிட்டது. கிட்டத்தட்ட 2,000 பேர். அணை உடையவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. அணை நிற்குமா என்ற கேள்விக்கு அவர்களிடம் சரியான பதில் இருந்தது. மலை எவ்வளவு வேகமாக வரும் என்ற கேள்வியில்தான் தோற்றார்கள்.

2020இல் இத்தாலி, ஸ்பெயின் ஆய்வாளர்கள் சேர்ந்து வயோன்ட் சரிவையும் அலையையும் இந்தத் துகள்முறையில் முப்பரிமாணமாக மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஐம்பத்தேழு வருடம் கழித்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நடந்து முடிந்ததைச் சரியாகச் சொல்ல முடிகிற கணக்கைத்தான், நடக்கப் போவதைப் பற்றிச் சொல்லும்போது நம்ப முடியும். பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்க்காமல் பரீட்சைக்குப் போகலாமா?

பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இதையும் சொல்லுங்கள். ஃப்ரோசன் என்று ஒரு டிஸ்னி கார்ட்டூன் படம் 2013இல் வந்ததே, அதில் பனியில் கால் புதைவதும் பனி உருண்டை உடைந்து சிதறுவதும் அத்தனை நிஜமாக இருக்கும். அதற்குப் பின்னால் இருந்ததும் இந்தத் துகள்முறைக்குத் தங்கை முறையான இன்னொரு கணக்குதான். அந்தப் பனிக் கணக்கின் உதவியோடு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், 1959இல் ரஷ்யாவின் யூரல் மலையில் ஒன்பது பேர் இறந்த மர்மத்தைப் பற்றி 2021இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். கூடாரத்துக்கு மேலே இருந்த பனிப்பாளம் ஒன்று சரிந்திருக்கக்கூடும் என்று காட்டினார்கள். பொம்மைப் படத்துக்குப் போட்ட கணக்கு நிஜ மலைக்கும் பேசியது.

இதைக் கேட்டதும் என் நாத்தனார் மகனுக்கு ஒரு ஆசை. "அப்போ அந்த அக்காவையே நம்ம இடத்துக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்க அத்தை" என்றான். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். எனக்கு அந்த முடியாது பிடித்திருந்தது. மண்ணைத் துளை போட்டு எடுத்துச் சோதிக்காமல், அதன் ஆழம் எவ்வளவு, மழையில் நீர் எவ்வளவு ஏறும், சரிவு எந்த வடிவம் என்று தெரியாமல் கணினியில் போட்டால் அழகான வண்ணப் படம் வரும், உண்மை வராது என்றாள். "மண்ணைப் பார்க்காமப் போட்டா கணக்கு இல்ல டீச்சர், ஜோசியம்" என்றாள். ஓடும் வழியில் சேறு இன்னும் மண்ணையும் மரத்தையும் அள்ளிக்கொண்டு பெருப்பதைக் கணக்கில் கொண்டுவருவது இன்றைக்கும் கஷ்டமான வேலை என்றும் சொன்னாள்.

ஆனால் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். பழைய சரிவுகள் எங்கே வந்து நின்றன என்பதை நிலமே எழுதி வைத்திருக்கும். ஓடை மலையைவிட்டு வெளியே வரும் இடத்தில் நிலம் விசிறி மாதிரி விரிந்திருக்கிறதா? மண்ணை வெட்டிய இடத்தில் பெரிய கல், சின்ன கல், மண் எல்லாம் வரிசை இல்லாமல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறதா? சாதாரணமாக ஓடும் தண்ணீர் கல்லையும் மணலையும் தரம் பிரித்துத்தான் போடும். சேறாக வந்தது எதையும் பிரிக்காமல் அப்படியே கொட்டிவிட்டு நிற்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் போனோம். இடம் அருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பாதை போடுவதற்காக மனையின் மேல் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டில், பூசணிக்காய் அளவுக் கல், தேங்காய் அளவுக் கல், இடுக்கெல்லாம் செம்மண், நடுவில் ஒரு மக்கிய மரத்துண்டு. எல்லாம் ஒன்றாகக் குழம்பி இருந்தது. சமமாக இருக்கிறதே என்று அவன் ஆசைப்பட்ட அந்த ஏழு சென்ட் எப்படிச் சமமானது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினோம். "கணக்கே வேண்டாம் டீச்சர். ஒரு தடவை வந்திருக்கு" என்று பதில் வந்தது.

அவன் வாங்கவில்லை. அட்வான்ஸ் ஒரு லட்சம் திரும்ப வரவும் இல்லை. "அத்தையால எனக்கு ஒரு லட்சம் நஷ்டம்" என்று இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்கிறான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். நான் வாங்கிக்கொள்கிறேன். அவன் பிள்ளைகள் இரண்டும் என் மடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு எனக்கு வலிப்பதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. போன மாதம் அந்த இடத்தை வேறொருவர் வாங்கிவிட்டார் என்று தரகர் சொன்னாராம். அவர் யார், எந்த ஊர், பிள்ளை குட்டி இருக்கிறதா, எதுவும் தெரியாது. தரகரிடம் நம்பர் கேட்டோம், கொடுக்கவில்லை. நாங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லச் சொன்னோம். சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் அவர்தான். எங்கேயாவது சுற்றி அவர் கண்ணிலும் பட்டுவிடாதா என்ற ஒரு நப்பாசை.

மலைச்சரிவில் இடம் வாங்கப் போகிறவர்கள் இவற்றைக் கேளுங்கள்:

முதலாவது, என் மனை சரியுமா என்பதோடு நிற்காமல், எனக்கு மேலே இருப்பது சரிந்தால் எங்கே வரும் என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கிற பொறியாளரிடம் இந்த இரண்டாவது கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் பதில் சொல்ல முடியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது, மனையிலிருந்து ஓடை வழியாகக் கண்ணுக்குத் தெரியாத உயரம் வரைக்கும் யோசியுங்கள். வயநாட்டில் சேறு 8 கிலோமீட்டர் வந்தது. வறண்ட ஓடை என்று அலட்சியம் வேண்டாம். சேறு அந்த வழியைத்தான் தேடும்.

மூன்றாவது, மண் வெட்டிய இடம், கிணறு தோண்டிய இடம் பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். அந்த ஊர்க் கிழவர்களிடம் பேசுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

நான்காவது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் தயாரித்து, பூகோஷ் என்ற இணையதளத்தில் வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் தொடங்கியது. டார்ஜிலிங், காலிம்போங்கோடு நம் நீலகிரிக்கும் முதலிலேயே முன்னறிவிப்பு தரத் தொடங்கினார்கள். பாருங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் வாய்ப்பு வரைபடம் பெரும்பாலும் சரிவு எங்கே தொடங்கலாம் என்பதைச் சொல்வது. உங்கள் மனை பச்சை நிறத்தில் இருக்கலாம், உங்களுக்கு மேலே இருப்பது சிவப்பாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாவது, அனுமதி இல்லாமல் மலையை வெட்டிச் சமப்படுத்தித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். சரிவின் காலை வெட்டினால் மேலே இருப்பது இறங்கத்தான் பார்க்கும்.

இந்தத் துறையில் வேலை பார்க்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுப்பணித்துறையிலும் நெடுஞ்சாலையிலும் கல்லூரிகளிலும் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கணக்கு பார்சிலோனாவிலும் இத்தாலியிலும் மட்டும் இருந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்? மேலே சரிவு, கீழே பள்ளிக்கூடம் என்று இருக்கும் இடங்களுக்காவது முதலில் இதைப் போட்டுப் பார்க்க முடியாதா? எல்லா மலைக்கும் போட வேண்டாம். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். மண் மாதிரி எடுக்கச் செலவாகும்தான். அதற்கு யாரிடம் மனு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதுவதற்கு நான் இருக்கிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஆட்களைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைக் கட்டாயம் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், தெரியாததை அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கீழக்குயில்குடி